வீட்டிலும் கொல்லையிலும் பார்க்கும் பூச்சி பொட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் 19 வருடமாக அறிவியல் நடத்துகிறேன். பிள்ளைகள் தீப்பெட்டியிலும் டிபன் பாக்ஸிலும் எதையாவது அடைத்துக் கொண்டுவந்து "இது என்ன சார்?" என்பார்கள். இப்போது அவர்களுடைய அம்மா அப்பாவும் கைபேசியில் படம் பிடித்து அனுப்புகிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் பதறிப்போய்க் கேட்பவர்களும் உண்டு. திரும்பத் திரும்ப வருவது ஒரே கேள்விகள்தான் என்பதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டுப் பதில் எழுதி வைக்கிறேன்.

எட்டுக்கால் பூச்சி பூச்சிதானே சார்? பேர்லயே பூச்சின்னு இருக்கே?

இல்லை. காலை எண்ணுங்கள். பூச்சிக்கு ஆறு கால். உடம்பு தலை, மார்பு, வயிறு என்று மூன்று பகுதி. தலையில் இரண்டு உணர்கொம்பு. சிலந்திக்கு எட்டுக் கால், உணர்கொம்பு கிடையாது, இறக்கை கிடையாது, தலையும் மார்பும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டதால் உடம்பு இரண்டே பகுதி. தேளும் உண்ணியும் சிலந்திக்குப் பங்காளிகள்.

ஊர்வது பறப்பது எல்லாவற்றையும் பூச்சி என்று சொல்லியே பழகிவிட்டோம். இருட்டில் பாம்பின் பேரைச் சொல்லக்கூடாது என்று அதையும் "பூச்சி" என்கிற வீடுகள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கின்றன. பேச்சுக்கு அது சரி. ஆனால் ஆஸ்பத்திரியில் போய் "பூச்சி கடிச்சிருச்சு" என்று மட்டும் சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் விளங்காது. எத்தனை கால், என்ன நிறம், எந்த இடத்தில் இருந்தது என்று சொல்லுங்கள்.

பூரானுக்கு நிஜமாவே நூறு கால் இருக்கா? மரவட்டையும் அதே இனமா?

பூரானுக்குச் சரியாக நூறு கால் அமையவே அமையாது. உடம்பின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு ஜோடி கால். வளர்ந்த பூரானில் ஜோடிகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையில்தான் வரும். நூறு கால் வேண்டுமென்றால் 50 ஜோடி வேண்டும், அது இரட்டைப்படை. நம் வீட்டுப் பக்கம் வரும் பெரிய பூரானுக்கு பெரும்பாலும் 21 ஜோடி, அதாவது 42 கால். அது போக, தலைக்கு அடியில் இருக்கும் முதல் ஜோடி, கொக்கியாக மாறி விஷப் பல்லின் வேலையைச் செய்கிறது. பூரான் "கடிப்பது" வாயால் அல்ல, அந்தக் காலால்தான். வலி உயிர் போகும், வீங்கும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைத்தால் வலி தணியும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு உயிராபத்து மிக மிக அரிது.

மரவட்டை, அதாவது பிள்ளைகள் சொல்லும் ரயில் பூச்சி, வேறு இனம். கண்ணிக்கு இரண்டு ஜோடி கால், உருண்ட உடம்பு, மெதுவான நடை. மக்கிய இலைதான் சாப்பாடு, கடிக்கத் தெரியாது. தொட்டால் சுருண்டுகொள்ளும். சில இனங்கள் நெடியடிக்கும் நீர் ஒன்றை விடும், அது பட்ட இடம் கறையாகும். கையைக் கழுவினால் போதும். 2021-இல் ஆஸ்திரேலியாவில் மண்ணுக்கு அடியில் 1306 கால் உள்ள மரவட்டை ஒன்றைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள்.

சுவத்துல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி. வயித்துக்கு அடியில வெள்ளைக் காசு மாதிரி எதையோ தூக்கிட்டுத் திரியுது. கடிக்குமா?

அந்தக் காசு அவளுடைய முட்டைப்பை. நூறு இருநூறு முட்டைகளைப் பட்டில் சுற்றித் தட்டையாக்கிக் குஞ்சு பொரியும்வரை தூக்கிக்கொண்டே திரிவாள். இந்தச் சிலந்தி வலை பின்னாது. ராத்திரியில் ஓடிப்போய்க் கரப்பானைப் பிடித்துத் தின்னும். தட்டையான உடம்பு என்பதால் காலண்டருக்குப் பின்னால், கதவு இடுக்கில் பகலெல்லாம் ஒட்டிக்கொண்டு கிடக்கும். கையில் பிடித்து நசுக்கினால் கடிக்கலாம். கொஞ்ச நேரம் கடுக்கும், அவ்வளவுதான். ஏறக்குறைய எல்லாச் சிலந்திக்கும் விஷம் உண்டு. ஆனால் அது பூச்சியை மடக்கும் அளவுக்கானது.

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒன்று இருக்கிறது. கரப்பான் மருந்து வாங்குவதை நிறுத்திவிட்டோம்.

அதே மாதிரி சிலந்தி ஒண்ணு ஒரு வாரமா ஆடாம அசையாம தொங்குது. செத்துருச்சா?

ஊதிப் பாருங்கள். காகிதம் போல ஆடினால் அது சிலந்தி இல்லை, சட்டை. பாம்பு மாதிரியே சிலந்தியும் வளர வளரத் தோலை உரிக்கும். கால் நுனி வரை அப்படியே உரிந்து வருவதால் முழுச் சிலந்தி செத்து ஒட்டியிருப்பது போலத் தெரியும். உரித்துக்கொண்டு போன ஆள் பக்கத்தில்தான் எங்கேயோ இருப்பார்.

சிமெண்ட் துணுக்கு மாதிரி ஒண்ணு பாத்ரூம் சுவத்துல ஏறுது. பூசணி விதை சைஸ். இது என்ன, சுவரை அரிக்குமா?

படம் அனுப்பிக் கேட்பவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். அது ஓர் அந்துப்பூச்சியின் புழு. தன் வாயில் சுரக்கும் பட்டு நூலோடு மணல், தூசி, சுண்ணாம்புப் பொடி எல்லாவற்றையும் ஒட்டித் தனக்கென்று ஒரு பை தைத்துக்கொண்டு அதையும் இழுத்துக்கொண்டு திரிகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பைக்கு இரண்டு பக்கமும் வாசல். ஒரு பக்கம் பழுப்புத் தலை ஒன்று எட்டிப் பார்க்கும். மெதுவாகத் தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்து மறுபக்கத்தில் எட்டிப் பார்க்கும்.

சுவரை அரிக்காது. ஒட்டடை, உதிர்ந்த தலைமுடி, செத்த பூச்சி, கம்பளி நூல் இவைதான் அதன் தீனி. நிறைய வந்தால் ஒட்டடை அடித்து நாளாகிவிட்டது என்று அர்த்தம். துடைப்பமே போதும், மருந்து தேவையில்லை.

பல்லி விழுந்த பாலைக் குடிச்சா விஷமா?

பல்லிக்கு விஷப் பல்லும் இல்லை, விஷச் சுரப்பியும் இல்லை. ஆனால் அதன் குடலிலும் எச்சத்திலும் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். அதனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். எனவே பாலைக் கொட்டிவிடுங்கள். தெரியாமல் குடித்தவர்களைக் கூட்டமாகச் சூழ்ந்துகொண்டு அழ வேண்டாம். பயத்தாலேயே பலர் வாந்தி எடுப்பார்கள். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்தால் டாக்டரிடம் போங்கள்.

வாலை விட்டுவிட்டு ஓடுகிறதே, வலிக்காதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். வால் எலும்பிலேயே முறிவதற்கென்று தயாராக ஒரு கோடு இருக்கிறது. முறிந்ததும் தசை இறுகி ரத்தத்தை அடைத்துவிடும். அறுந்த வால் துடித்துப் பூனையை ஏமாற்றும் நேரத்தில் பல்லி தப்பிவிடும். புது வால் முளைக்கும், ஆனால் அதற்குள் எலும்பு இருக்காது, குருத்தெலும்புத் தண்டுதான். நிறமும் கொஞ்சம் மாறியிருக்கும். உங்கள் வீட்டுப் பல்லிகளைப் பாருங்கள், அடித் தடிமனாக, வேறு நிறத்தில் வால் உள்ளது ஒருமுறை தப்பிப் பிழைத்தது.

"அரணை கடித்தால் மரணம்"னு பழமொழியே இருக்கே?

எதுகை நன்றாக இருக்கிறது, உண்மை இல்லை. அரணைக்கு விஷமே கிடையாது. வழவழப்பான உடம்பும் நெளிந்து ஓடும் ஓட்டமும் பாம்பை நினைவுபடுத்துவதால் வந்த பயம். கடிக்க வரும்போதே மறந்துபோய்த் திரும்பிவிடும் என்று கதை சொல்லி, மறதிக்காரர்களை அரணை புத்தி என்பார்கள். அது மறக்கவில்லை. கடிக்கும் எண்ணமே அதற்கு இல்லை.

இந்தப் பழமொழியால் தோட்டத்தில் அடிபட்டுச் சாகும் அரணைகளை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அது தின்பதெல்லாம் வண்டும் புழுவும் வெட்டுக்கிளியும்தான்.

ஈசலுக்கு ஆயுசு ஒரே நாள்தானா?

நம் கண்ணில் படுவது அந்த ஒரு நாள். ஈசல் என்பது இறக்கை முளைத்த கரையான். வெளியே வருவதற்கு முன்பே புற்றுக்குள் பல மாதம் வளர்ந்திருக்கும். மழை பெய்து மண் இளகியதும் ஆணும் பெண்ணுமாகக் கிளம்பும். காக்கை, பல்லி, தவளை, பொரியோடு சேர்த்து வறுக்கக் காத்திருக்கும் நாம் என்று எல்லோரும் தின்றது போகத் தப்பும் ஜோடி இறக்கையை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் போய்ப் புதுப் புற்றைத் தொடங்கும். அந்தப் பெண்தான் அரசி. பத்து வருடத்துக்கு மேலும் உயிரோடிருந்து முட்டையிடுவாள். அரசனும் கூடவே இருப்பான். எறும்புக் கூட்டில் அப்படி ஒரு அரசன் கிடையாது.

கரையானை வெள்ளை எறும்பு என்பது தவறு. எறும்பு குளவியின் சொந்தம், கரையான் கரப்பானின் சொந்தம். நம் ஊரில் புற்று எழுப்பும் கரையான்கள் உள்ளே பூஞ்சைத் தோட்டம் வைத்திருக்கின்றன. மழைக்குப் பிறகு புற்றடியில் முளைக்கும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்திலிருந்து வெளியே எட்டிப் பார்ப்பதுதான்.

விளக்கைச் சுத்திச் சுத்திப் பூச்சிங்க ஏன் வருது? வெளிச்சம் அவ்வளவு பிடிக்குமா?

பிடித்து வருவதில்லை. 2024-இல் அதிவேகக் கேமராவில் படம் பிடித்து ஓர் ஆய்வு வெளியானது. பறக்கும் பூச்சி எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் முதுகைத் திருப்புகிறது. கோடானுகோடி வருடமாக இரவில் வானம்தான் தரையை விட வெளிச்சம், ஆகவே முதுகு வானத்தைப் பார்த்தால் நேராகப் பறக்கலாம். பக்கவாட்டில் ஒரு பல்ப் எரிந்தால் அதற்கு முதுகைக் காட்டி, காட்டி, வட்டத்திலேயே மாட்டிக்கொள்கிறது. விளக்குக்கு மேலே பறந்தால் தலைகீழாகப் புரண்டு விழுகிறது. விட்டில் காதலால் விளக்கில் விழுவதாக நாம் பாடிக்கொண்டிருந்தோம். பாவம், அதற்கு மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போயிருக்கிறது.

சின்ன வயசுல மழை பெஞ்சா சிவப்பா வெல்வெட் மாதிரி ஒரு பூச்சி வருமே, அது என்ன?

தம்பலப்பூச்சி. பட்டுப்பூச்சி என்றும் சொல்வார்கள். சங்கப் பாடல்களில் மூதாய் என்று வருவது இதுதான். முதல் கேள்விக்குச் சொன்ன மாதிரி காலை எண்ணுங்கள்: எட்டு. ஆகவே இதுவும் பூச்சி இல்லை, உண்ணி வகை. ஆனால் நம் ரத்தத்தைக் குடிக்காது. வளர்ந்தது சின்னப் பூச்சிகளையும் அவற்றின் முட்டைகளையும் தின்னும், குஞ்சுப் பருவத்தில் வேறு பூச்சிகள் மேல் ஒட்டி வாழும். வருடத்தில் பெரும் பகுதி மண்ணுக்குள்தான். மழை பெய்ததும் சில நாள் மேலே வரும்.

தீப்பெட்டியில் புல்லோடு போட்டு வைப்போம். அது புல் தின்னாது என்று அப்போது எனக்குத் தெரியாது. உங்கள் பிள்ளைகள் கண்டெடுத்தால் உள்ளங்கையில் நடக்க விட்டுப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள். வாசலெல்லாம் சிமெண்ட் போட்டுவிட்டால் அது வெளியே வர மண் ஏது?

குளவி கூடு கட்டினா வீட்டுல குழந்தை பிறக்கும்னு மாமியார் கலைக்க விட மாட்டேங்குறாங்க. புழுவைக் கொட்டிக் கொட்டியே குளவியா மாத்திருமாமே?

முதலில் இரண்டாவது விஷயம். போன ஆடியில் பள்ளிக்கூடத்து இந்திய வரைபடச் சுருளுக்குள் ஒரு மண்கூடு இருந்தது. விரித்ததும் உடைந்து மேஜையில் கொட்டியது. ஓர் அறையில் பதினொரு சிலந்திகள். பச்சை, பழுப்பு, வரி போட்டது என்று எல்லாம் சின்னச் சின்னவை, ஒன்றும் அழுகவில்லை. குச்சியால் ஒன்றைத் தொட்டேன், கால் நுனி மட்டும் மெல்லத் துடித்தது. ஒன்றின் வயிற்றில் நொய்யரிசி போல ஒரு வெள்ளை முட்டை ஒட்டியிருந்தது. வகுப்பே மூச்சு விடவில்லை.

நடப்பது இதுதான். தாய்க்குளவி சிலந்தியைக் கொட்டி மயக்கிக் கொண்டுவந்து அடைக்கிறது. கொன்றால் அழுகிவிடும் என்பதால் உயிரோடு. முட்டை பொரிந்து வரும் புழு அந்தச் சிலந்திகளைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகிக் குளவியாக வெளிவருகிறது. பானை போலக் கூடு கட்டும் இன்னொரு வகை, சிலந்திக்குப் பதில் பச்சைப்புழுவை அடைக்கும். உள்ளே புழு போனதையும் குளவி வெளியே வந்ததையும் மட்டும் பார்த்தவர்கள் கொட்டிக் கொட்டி மாற்றியது என்றார்கள். கண்ணால் பார்த்ததில் பிழையில்லை, நடுவில் மண் மறைத்துவிட்டது. மண்கூடு கட்டும் இந்தக் குளவிகளில் ஒன்றுக்கு அறிவியல் பெயரிலேயே மதராஸ் இருக்கிறது: ஸ்கெலிஃப்ரான் மதராஸ்படானம்.

மாமியார் சொல்வதில் குழந்தை பிறக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் கலைக்காதே என்பதை நான் ஆமோதிக்கிறேன். இது தனியாக வாழும் குளவி, கூட்டமாக வந்து கொட்டாது. வட்டமாக ஓட்டை விழுந்திருந்தால் குஞ்சு போய்விட்டது, அப்புறம் சுரண்டிக்கொள்ளலாம். பிளக் ஓட்டையில் கட்டினால் மட்டும் உடனே மெயினை அணைத்துவிட்டு எடுங்கள்.

சிலந்தி மூத்திரம் பட்டு உடம்பெல்லாம் கொப்புளம். மந்திரிக்கலாமா, டாக்டரா?

டாக்டர். சிலந்தி சிறுநீரால் கொப்புளம் வராது. இந்தப் பேரில் நம் ஊரில் இரண்டு வேறு வேறு விஷயங்கள் உலவுகின்றன.

ஒன்று அக்கி. சின்ன வயதில் அம்மை போட்ட வைரஸ் நரம்புக்குள் பதுங்கியிருந்து பல வருடம் கழித்துக் கிளம்புவது. உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டையாகக் கொப்புளமும் எரிச்சலும் வரும். காவியால் சிங்கம் எழுதிக்கொள்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காக நாளைக் கடத்தாதீர்கள். வைரஸுக்கான மாத்திரை கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். பிந்தினால் சிலருக்குக் கொப்புளம் ஆறிய பிறகும் நரம்பு வலி மாதக்கணக்கில் நிற்கும். நெற்றி, மூக்கு, கண் பக்கம் வந்தால் அன்றைக்கே போக வேண்டும், பார்வை சம்பந்தப்பட்டது.

இன்னொன்று ஒரு சின்ன வண்டு. ஒரு சென்டிமீட்டருக்குள் நீளம், பார்க்க எறும்பு மாதிரி, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி. வயல் பக்கத்து வீடுகளில் மழைக்காலத்தில் விளக்குக்கு வரும், காரணம் மேலே சொன்னதுதான். சிலர் ஆசிட் பூச்சி என்கிறார்கள். கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஊர்கிறதே என்று தட்டி நசுக்கினால் அதன் உடம்பு நீரில் உள்ள பெடரின் என்ற நஞ்சு தோலில் பரவும். உடனே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் கழித்துத்தான் சாட்டையால் அடித்தது போல நீளமாகச் சிவந்து கொப்புளிக்கும். முழங்கை மடிப்பில் பட்டால் மடித்த இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று அச்செடுத்தது போல இருக்கும். பழியைச் சுவரில் இருந்த சிலந்தி வாங்கிக்கொள்ளும்.

மேலே ஊர்ந்தால் ஊதிவிடுங்கள், அல்லது காகிதத்தில் ஏறவிட்டு உதறுங்கள். நசுக்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கழுவாத கையைக் கண்ணில் வைக்காதீர்கள். படுக்கை விரிப்பையும் துவைத்துவிடுங்கள். இதே வண்டு நெல் வயலில் புகையான் என்ற பயிர்ப்பூச்சியைத் தின்று விவசாயிக்கு உதவி செய்கிறது. எனவே வயலில் அதை ஒழிக்க மருந்து அடிக்க வேண்டாம்.

முருங்கை மரம் பூரா கம்பளிப்பூச்சி. தொட்டா அரிப்பு தாங்கலை.

பகலில் அடிமரத்தில் கூட்டமாக அப்பிக் கிடக்கும். ராத்திரி மேலேறி இலையைத் தின்னும். அரிப்பது அதன் முடி. சொறிந்தால் இன்னும் உள்ளே ஏறும். செலோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்தால் முடி கையோடு வரும். அப்புறம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். அப்போது உடுத்தியிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் கண் டாக்டரிடம். பந்தம் கொளுத்திச் சுடும்போது முடி காற்றில் பறக்கும், மரப்பட்டையும் வெந்துபோகும். பகலில் சோப்புக் கரைசலை அழுத்தமாகப் பீய்ச்சினால் உதிரும்.

தேள்ல எது ஆபத்து? கருந்தேள்தானே பெருசா இருக்கு?

பெரிசைப் பார்த்துப் பயப்படுவோம், ஆபத்து சின்னதில் இருக்கிறது. நட்டுவாக்காலி என்கிற பெரிய கருந்தேள் இடுக்கி போன்ற தடித்த முன்கைகளால் இரையை நெரித்துவிடும், விஷம் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. செந்தேளுக்குக் கை மெலிவு, வால் தடிமன், விஷம் கடுமை. நம் நாட்டுச் செந்தேளின் அறிவியல் பெயர் ஹாட்டென்டோட்டா தமுலஸ். தமிழ் என்பதிலிருந்து வந்த பெயர்.

செந்தேள் கொட்டினால், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, வலியை மட்டும் பார்க்காதீர்கள். உடம்பெல்லாம் வியர்ப்பது, கை கால் சில்லிடுவது, வாந்தி, மூச்சிரைப்பு ஆகியவை விஷம் இதயத்தைத் தொட்டுவிட்டதற்கு அடையாளம். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கட்டுப்போடாதீர்கள், நேராக ஆஸ்பத்திரி. ரத்தக் கொதிப்புக்குத் தரும் பிரசோசின் என்ற மாத்திரை இங்கே உயிர்காக்கும். மகாராஷ்டிரத்தில் மஹாட் என்ற சின்ன ஊரில் இருந்துகொண்டே இதைக் கண்டு உலகுக்குச் சொன்னவர் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் அவர் பெயரைச் சொல்கிறேன்.

தாயைக் கொன்றுவிட்டுத்தான் தேள் குட்டி பிறக்கும் என்பதும் பொய். குட்டிகள் உயிரோடு பிறந்து முதல் தோலை உரிக்கும்வரை தாயின் முதுகில் சவாரி செய்யும். புற ஊதா டார்ச் அடித்தால் தேள் பச்சை நீலமாக ஒளிரும். விறகு அடுக்கையும் செருப்பையும் ராத்திரியில் சோதிக்க அது நல்ல வழி.

காதுக்குள்ள பூச்சி போயிருச்சு. குச்சியால எடுக்கலாமா?

கூடாது. உள்ளே தள்ளிச் செவிப்பறையைக் கிழித்துவிடும். காதில் சீழோ ஓட்டையோ இல்லாதவர்கள் இரண்டு சொட்டு வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய் விட்டால் பூச்சி அடங்கும், குடைச்சல் நிற்கும். அப்புறம் டாக்டர் எடுப்பார். மூளைக்குள் போய்விடும் என்ற பயம் வேண்டாம், வழி இல்லை.

நீங்க சொல்றதைப் பார்த்தா எதையும் அடிக்கவே கூடாது போல. கொசுவையும் விட்டுரணுமா?

கொசுவை விடாதீர்கள். அதிலும் பகலில் கடிக்கும், காலில் வெள்ளை வரி போட்ட டெங்கு கொசுவை. ஆனால் மட்டையால் அடித்துத் தீராது, முட்டையில் பிடிக்க வேண்டும். கடிப்பது பெண்தான், முட்டைக்கு ரத்தம் வேண்டும் என்பதற்காக. அவள் முட்டையைத் தண்ணீரில் போடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உள்சுவரில் கரும்புள்ளிகளாக ஒட்டிவிட்டுப் போகிறாள். டிரம் காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் நிரப்பிய உடனே பொரிந்துவிடும்.

ஆகவே தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வைத்தால் மட்டும் போதாது. தேங்காய் நாரால் உள்சுவரை, முக்கியமாகத் தண்ணீர்க்கோடு படிந்த இடத்தை, அழுத்தித் தேயுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும், எனவே வாரம் ஒரு தடவை. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டிக்கு அடித்தட்டு, மாடியில் கிடக்கும் பழைய டயர், வெட்டிப்போட்ட இளநீர்க் கூடு எல்லாவற்றையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.